மருந்தோடு அளவையும் தாருங்கள்: கரையோர ஊர்களின் மூத்தம்மாமாருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய மூத்தம்மாமாரே,



மருதமுனை தொடங்கிக் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று பொத்துவில் வரை நீளும் கரையோர ஊர்களிலும், மேற்கே வயல் சூழ்ந்த சம்மாந்துறையிலும், தடிமன் என்றும் செமியாக்குணம் என்றும் மாந்தம் என்றும் அழுதுவந்த பிள்ளைகளுக்கு, வளவில் முளைத்த இலையையும் அடுப்படிப் போத்தலில் இருந்த சரக்கையும் கொண்டு பரிகாரம் செய்து, அதற்கென ஒரு சதமும் பெறாமல், தம் பெயரை ஓரிடத்திலும் எழுதிவைக்காமல் வாழ்ந்துவரும் உங்களை நோக்கி இம்மடலை எழுதுகிறேன். உங்களுட் பலருக்குக் கண்பார்வை மங்கியிருக்கும். பேத்திமாரில் ஒருவர் இதனை உரக்க வாசித்துக் காட்டுவாராயின் நன்றியுடையேன். ஏனெனில், இதில் நான் கேட்கவிருக்கும் உபகாரம் நிறைவேறுவதற்கு உங்கள் ஞாபகசக்தியோடு அவர்களுடைய கையெழுத்தும் வேண்டியிருக்கிறது.

கேட்கவிருப்பது இதுதான். நீங்கள் கையாண்ட மருந்துகளின் பெயர்கள் எங்களிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றின் அளவு வந்து சேரவில்லை. நொச்சி, முடக்கொத்தான், ஆடாதோடை, கருஞ்சீரகம், வசம்பு என்று பாடசாலைப் பிள்ளையும் இன்று ஒப்பிக்கிறது. அந்தச் செடியின் இலையா வேரா, பச்சையாகவா உலர்த்தியா, எவ்வளவு நீரில் எவ்வளவு நேரம் காய்ச்சுவது, எத்தனை வயதுப் பிள்ளைக்கு எத்தனை நாள் கொடுப்பது, எவருக்கு அறவே கூடாது, எந்தக் குறியைக் கண்டவுடன் மருந்தை நிறுத்திவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடவேண்டும் என்பனவெல்லாம் உங்களோடு நின்றுவிட்டன. இவை யாவும் சேர்ந்ததையே நான் அளவு என்கிறேன். அந்த அளவு இல்லாதவிடத்து, உங்கள் கையில் ஔஷதமாக இருந்த பொருள் எங்கள் கையில் அபாயமாக மாறிவிடுகிறது என்பதையும் அச்சத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

கொத்தமல்லிக் கஷாயத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். மாரிமழையும் வாடைக்காற்றும் சேர்ந்து வந்து வீட்டுக்கு வீடு தடிமனைக் கொடுக்கும் கார்த்திகை, மார்கழி மாதங்களில், மல்லியும் வேர்க்கொம்பும் தட்டிப்போட்டு அவித்த நீரைப் பனங்கட்டியோடு கொடுக்காத வீடு எங்கள் கரையில் இருந்ததில்லை. அவற்றோடு பற்பாடகம், கண்டங்கத்தரி, மரமஞ்சள் ஆகிய மூன்றும் சேர்ந்து, சிங்களச் சகோதரர்கள் பஸ்பங்குவ என்று வழங்கும் ஐந்து சரக்குப் பொதியாக, இன்று பாமசிகளிலும் பலசரக்குக் கடைகளிலும் கிடைக்கின்றது. இலங்கைச் சுதேச வைத்தியம் கஷாயத்துக்கென ஒரு பிரமாணத்தை நெடுங்காலமாகப் பேணிவந்திருக்கிறது: 12 கழஞ்சு, அதாவது சுமார் 60 கிராம் சரக்கை, 1920 மில்லிலீற்றர் நீரிலிட்டு, மெல்லிய நெருப்பில் எட்டிலொன்றாக வற்றவைத்து, 240 மில்லிலீற்றராக இறக்கிக்கொள்வது. நீங்கள் அளவுச்சாடியைக் கண்டவர்களல்லர். ஆயினும் கண்ணளவாலும், பானையின் கழுத்தைப் பார்த்துப் பழகிய பழக்கத்தாலும், நீர் எட்டிலொன்றாகிய தருணத்தைத் தவறாமல் அறிந்தீர்கள். வளர்ந்தவருக்கு இவ்வளவு, பிள்ளைக்கு இத்தனை கரண்டி என்று பகுத்தீர்கள். மூன்று நாளுக்கு மேல் கொடுக்க மறுத்தீர்கள்.

கொரோனாப் பெருந்தொற்று வந்த 2020, 2021ஆம் ஆண்டுகளில் அதே கஷாயம் என்ன கதிக்கு ஆளாயிற்று என்பதை நீங்களே பார்த்தீர்கள். கைத்தொலைபேசியில் வந்த செய்தியொன்றில் ஒரு பிடி மரமஞ்சள் என்றிருந்தது. அடுத்ததில் இரு பிடி. மூன்றாவதில் தண்ணீருக்குப் பதிலாக இதனையே குடிக்கவேண்டும் என்றிருந்தது. மரமஞ்சளின் மஞ்சள் நிறத்துக்கும் கசப்புக்கும் காரணமாயிருக்கும் பெர்பரீன் என்னும் பொருள், கர்ப்பிணிகளுக்கு ஆகாதது. பிறந்த குழந்தையின் மஞ்சட் காமாலையை மோசமாக்கவும் கூடியது. அதனை இரு பிடி என்று எழுதியவர் எவர், எந்தக் கர்ப்பிணியின் கைக்கு அச்செய்தி போய்ச் சேரும் என்று அவர் சிந்தித்தாரா என்பதற்கு மறுமொழி கூற ஆளில்லை. மல்லித்தண்ணி தடிமனை உண்டாக்கும் கிருமியைக் கொல்வதன்று; தொண்டையை இதமாக்கி, உடலுக்கு நீரூட்டி, சளியை இளக்கி, ஏறத்தாழ ஒரு வாரத்தில் தானாகவே நீங்கும் தடிமனைத் தாங்கிக்கொள்ளத்தக்கதாகச் செய்வது. இவ்வளவே அதன் தொழில். இவ்வளவும் போதுமான தொழில்தான்.

ஆடாதோடையின் வரலாறு இதனினும் தெளிவானது. இருமலுக்கு அதன் இலையை அவித்துத் தேன்கலந்து கொடுத்த வழக்கம் வெறும் நம்பிக்கையன்று என்பதற்கு, அவ்விலையில் உள்ள வசிசின் என்னும் பொருளை மூலமாகக் கொண்டே புரோம்ஹெக்சின் என்ற மருந்து 1960களில் ஐரோப்பாவில் ஆக்கப்பட்டது என்பதே சாட்சி. சளியை இளக்கும் பாணியாகவும் குளிகையாகவும் அது இன்றும் உலகெங்கும் விற்பனையாகிறது. அதே வசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்புடையது என்பதும் ஆய்வால் நிரூபணமானது. பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆடாதோடை கொடாதே என்று முன்னோர் சொன்ன ஒற்றை வாக்கியத்தில், இரசாயனசாலைகள் பின்னாளிற் கண்டறிந்த அவ்வுண்மை அடங்கியிருந்தது. இன்று இலையைப் பறிக்கும் இளம் பெண்ணுக்கு முதற் பாதி தெரிகிறது; இரண்டாவது பாதி தெரியவில்லை. அந்த இரண்டாவது பாதியைத்தான் உங்களிடம் யாசிக்கிறேன்.

இனி, சற்றே நெஞ்சுரத்தோடு சொல்லவேண்டிய ஒரு விஷயம் உண்டு. பிறந்த குழந்தையின் நாவிலே தேன் தடவும் வழக்கமும், மாந்தத்துக்கும் வயிற்று ஊதலுக்கும் வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுக்கும் வழக்கமும் எங்கள் வீடுகளில் ஆழ வேரூன்றியவை. திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயம் தேனீயின் வயிற்றிலிருந்து வெளிவரும் பானத்தில் மனிதருக்கு நிவாரணம் இருப்பதை எடுத்துரைக்கிறது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், வளர்ந்தவரின் குடலில் ஒன்றும் செய்யமாட்டாத ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் சில வேளை தேனில் இருப்பதுண்டென்பதும், அவை ஒரு வயது நிறையாத சிசுவின் குடலில் முளைத்து நஞ்சுண்டாக்கி, பாலுறிஞ்சவும் மூச்சுவிடவும் முடியாதவாறு தசைகளைச் செயலிழக்கச் செய்யக்கூடும் என்பதும் வைத்திய உலகம் ஐயமற அறிந்த செய்தி. 12 மாதம் நிறையுமுன் தேன் வேண்டாம் என்பது அதனாற் பிறந்த விதி. பிறந்த குழந்தைக்கு இனிப்பூட்டும் தஹ்னீக் என்னும் சுன்னத்துக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையாண்டது பேரீச்சம்பழம் என்றே ஹதீஸ்களில் வருகிறது; ஆகவே தேனைத் தவிர்ப்பதால் மார்க்கத்திற் குறைவு எதுவும் நேர்வதில்லை. வசம்பையோ, அதிலுள்ள அசரோன் என்ற பொருள் எலிகளிற் புற்றுக்கட்டிகளை உண்டாக்கியதைக் கண்டு, ஐக்கிய அமெரிக்கா 1968ஆம் ஆண்டிலேயே உணவிற் சேர்க்கக்கூடாதென்று தடைசெய்தது. நீங்கள் அதனைக் கரியாகச் சுட்டு, நாவில் ஒரு தீற்று மாத்திரமே வைத்தீர்கள். இன்றோ சுடாத வசம்பை அரைத்துக் கரண்டியால் ஊட்டுவோர் உளர். உங்கள் பெயரைச் சொல்லியே அவர்கள் அதனைச் செய்கிறார்கள். ஆகையால், உங்கள் வாயாலேயே, இது வேண்டாம் மகளே என்று ஒருமுறை கூறிவிடுங்கள். வைத்தியர் பத்துத் தரம் சொல்லியும் கேளாத வீடு, மூத்தம்மா ஒரு தரம் சொன்னாற் கேட்கும்.

கருஞ்சீரகத்தைப் பற்றியும் இதே சிரத்தையோடு பேசவேண்டும். மரணத்தைத் தவிர ஏனைய நோய்கட்கு அதில் நிவாரணம் உண்டென்ற கருத்துடைய நபிமொழி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றிருப்பதை நாம் அறிவோம். அதனை ஆதாரமாகக் கொண்டு, நீரிழிவுக் குளிகையையும் இரத்த அழுத்தக் குளிகையையும் வீசிவிட்டுக் கருஞ்சீரக எண்ணெயை மட்டும் நம்புவோரைக் காணும்போது மனம் பதைக்கிறது. 1350ஆம் ஆண்டிற் காலஞ்சென்ற இமாம் இப்னுல் கய்யிம், நபிவழி மருத்துவத்தை விரிவாக ஆராய்ந்தவர். அவரே இம்மொழியின் பொதுமை குளிர்ச்சி சார்ந்த நோய்களைக் குறித்தது என்று விளக்கினார். அபூதாவூத் தொகுப்பிலுள்ள மற்றொரு நபிமொழியோ, வைத்தியம் கற்றவரென்று அறியப்படாத ஒருவர் வைத்தியஞ் செய்து கேடு விளைந்தால் அதற்கு அவரே பொறுப்பாளியாவார் என்ற கருத்தினது. முதல் நபிமொழியை மேடைதோறும் கேட்கிறோம். இரண்டாவதையும் அதே குரலிற் கேட்க விரும்புகிறேன். எண்ணெய்ப் போத்தல் விற்பவர் எத்தனை பேர் அப்பொறுப்பை ஏற்கச் சம்மதிப்பர்?

எங்கள் சமூகத்தின் வைத்தியப் பாரம்பரியம் இத்தகைய அசிரத்தையிற் பிறந்ததன்று. 1037இல் மறைந்த இப்னு சீனா, தமது கானூன் என்னும் பெருநூலின் இரண்டாம் பாகத்தில், ஒரு மருந்தின் குணத்தை அனுபவத்தால் நிர்ணயிப்பதற்கு விதிகளை வகுத்தார். மருந்து கலப்பற்றதாயிருக்கவேண்டும், ஒன்றோடொன்று பின்னிய பல நோய்களிலன்றித் தனி நோயிற் சோதிக்கப்படவேண்டும், ஒரு முறையன்றிப் பன்முறையும் அதே பலனைத் தரவேண்டும், விலங்கிலன்றி மனித உடலிலேயே அது மெய்ப்படவேண்டும் என்பன அவற்றுட் சில. கண்டி இராசதானியில் கோபால முதலியார் பரம்பரையினரான முஸ்லிம் வைத்தியர்கள் அரச வைத்தியர்களாக விளங்கினர். 1929இல் கொழும்பில் சுதேச வைத்தியக் கல்லூரி ஆரம்பிக்கப்பட்டபோது, ஆயுர்வேதத்தோடும் சித்தத்தோடும் யூனானியும் அங்கு போதிக்கப்பட்டது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டமும் இவற்றை ஒருசேர அங்கீகரித்தது.

இவை எல்லாவற்றினும் என் மனத்தைக் கவர்ந்த உதாரணம் டில்லியிலிருந்து வருவது. தலைமுறை தலைமுறையாக ஹக்கீம்களாயிருந்த குடும்பத்தில் 1868இற் பிறந்த ஹக்கீம் அஜ்மல் கான், தம் முன்னோர் தந்த மருந்துகளின் மீது பூரண நம்பிக்கையுடையவர். அந்த நம்பிக்கையே காரணமாக, அவற்றைச் சோதனைக்கு உட்படுத்த அவர் அஞ்சவில்லை. ஜெர்மனியில் இரசாயனங் கற்று மீண்ட சலீமுஸ்ஸமான் சித்தீக்கி என்ற இளைஞரைத் தாம் நிறுவிய திப்பியாக் கல்லூரியின் ஆராய்ச்சிப் பணிக்கு அழைத்தார். அஜ்மல் கான் 1927இற் காலமானார். 1931இல் சித்தீக்கி, நம் நாட்டுச் சிங்கள வைத்தியர்கள் ஏகவேரிய என்று வழங்கும் சர்ப்பகந்தியின் வேரிலிருந்து புதிய பொருளொன்றைப் பிரித்தெடுத்து, அதற்கு அஜ்மலின் என்று அந்த ஹக்கீமின் பெயரையே சூட்டினார். இருதயத் துடிப்பின் ஒழுங்கை ஆராயும் சோதனையில் அஜ்மலின் இன்றும் பயன்படுகிறது. அதே வேரிலிருந்து 1952இல் சுவிற்சர்லாந்திற் பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்ப்பீன், இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தாக உலகெங்கும் பரவியது. அளவு மிஞ்சியவிடத்து நோயாளிகளைக் கடுஞ் சோர்வில் ஆழ்த்தவும் செய்தது. ஹக்கீமின் கொப்பியும் விஞ்ஞானியின் குடுவையும் ஒரே மேசையில் இருந்தமையால் விளைந்த பயன் இது. உங்கள் ஞாபகத்துக்கும் அப்படியொரு மேசை வேண்டுமென்பதே என் ஆசை.

நிறுத்தவேண்டிய இடத்தை அறிவது பற்றி மேலே குறிப்பிட்டேன். அதற்கு டெங்கு ஓர் உதாரணம். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர். கல்முனைப் பிரதேசமும் அதற்கு விலக்கன்று. அப்பொழுது பப்பாசி இலைச்சாறு வீடெங்கும் பிழியப்பட்டது. இரத்தச் சிறுதட்டுக்களை அது ஓரளவு உயர்த்தக்கூடும் என்று சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆயினும் டெங்கு உயிரைக் கொள்வது இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பொருள் கசிந்து வெளியேறுவதாலும், அதன் பின் வரும் அதிர்ச்சியாலுமே. அந்தக் கசிவு பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையிலேயே தொடங்குகிறது. சாறு குடித்தான், காய்ச்சல் விட்டுவிட்டது, அல்ஹம்துலில்லாஹ் என்று வீட்டார் ஆறுதலடையும் அதே பொழுதில், பிள்ளைக்கு வயிற்று நோவும் ஓயாத வாந்தியும் சோர்வும் கண்டு, சிறுநீர் குறைந்து, கைகால் குளிர்ந்து போகிறது. இக்குறிகளில் ஒன்றைக் கண்டாலும் சாற்றைக் கீழே வைத்துவிட்டு வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் தவிர அஸ்பிரின், புரூஃபன் போன்ற நோ மருந்துகளைக் கொடுத்தலும் ஆகாது. வயிற்றோட்டத்துக்கும் அவ்வாறே: மாதுளந்தோல் அவித்த நீரும், தேசிக்காய் பிழிந்த தேயிலைச்சாயமும் ஓட்டத்தைக் கட்ட உதவலாம்; ஆனால் இழந்த நீரையும் உப்பையும் மீட்பது, ஒரு லீற்றர் ஆறிய நீரிற் கரைத்த ஜீவனிப் பொதியே. மலத்தோடு இரத்தம் போனால் கட்டும் மருந்து எதனையும் கொடுக்கலாகாது என்பதை உங்களிற் பலர் எனக்கு முன்பே அறிவீர்கள்.

நீரிழிவைக் குறித்து ஒன்று மட்டும் சொல்வேன். கோத்தல ஹிம்புட்டுக் கட்டையிற் கடைந்த கோப்பையில் இரவு நீரூற்றிக் காலையிற் குடிக்கும் வழக்கத்துக்கு ஆதாரம் இல்லாமலில்லை. மாப்பொருளைச் சீனியாக உடைக்கும் நொதியத்தைத் தடுக்கும் சலசினோல் என்னும் பொருளை 1990களில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் அத்தாவரத்திற் கண்டனர். ஆனால் குளிகையோடு அதனையும் சேர்த்துக் குடிப்பவர், அதனை வைத்தியருக்கு மறைத்தால், சீனி அளவுக்கு மீறி இறங்கி மயங்கி விழக்கூடும். பயத்தாலோ வெட்கத்தாலோ நாட்டு மருந்தை மறைக்கும் வழக்கம் எங்கள் பெண்களிடம் மிகுதி. கோபிக்காமற் கேட்கும் வைத்தியர்களும் வேண்டும் என்பதையும் இங்கே பதிவுசெய்கிறேன்.

பெயர் தெரியாத சூரணங்களையும் லேகியங்களையும் பற்றிய எச்சரிக்கையும் அவசியம். 2004ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின்படி, அமெரிக்காவின் பொஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிச் சோதித்த தெற்காசிய ஆயுர்வேதத் தயாரிப்புகள் 70இல் 14, ஈயம், இரசம், பாஷாணம் ஆகியவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ கொண்டிருந்தன. மற்றொரு நிகழ்ச்சியில், 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகரில் உடல் மெலிவதற்காக மூலிகைக் குளிகை உண்ட பெண்களுள் 100 பேரளவினரின் சிறுநீரகம் கெட்டுப்போயிற்று. ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அதன் பெயரை ஒத்த வேறொன்று மாறி வந்ததே காரணம். அம்மாறிவந்த செடியின் இனத்தைச் சேர்ந்ததே, எங்கள் பக்கத்து விசகடி வைத்தியத்தில் இடம்பெறும் ஈசுரமூலி. நீங்கள் உங்கள் கையால் வளர்த்து, உங்கள் கண்ணால் இனங்கண்டு, உங்கள் விரலாற் பறித்த இலைக்கு இந்த அபாயம் இல்லை. பொதியில் வரும் தூளுக்கு உண்டு.

அந்தக் கைகளும் கண்களும் குறைந்துவருகின்றன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஏறியபோது, இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் வீடுகளோடு பெட்டகங்களும், பெட்டகங்களிலிருந்த வாகடக் கொப்பிகளும் போயின. கொப்பியே எழுதாமல் அனைத்தையும் நெஞ்சில் வைத்திருந்த முதியோர் போனது அதனினும் பேரிழப்பு. எஞ்சிய ஏடுகள் சிலவற்றில் உள்ள அரபுத்தமிழை வாசிக்கத் தெரிந்தோரும் அருகிவிட்டனர். நொச்சியும் ஆடாதோடையும் நின்ற வேலிகள் மதில்களாயின. சனநெருக்கம் மிகுந்த இவ்வூர்களில் ஒரு பேர்ச் நிலத்தையும் வீடு விழுங்கிவிட, முடக்கொத்தான் படர இடமில்லை. மகப்பேறு ஆசுபத்திரிக்குப் போனதனால் தாய்மாரும் சிசுக்களும் பிழைத்தனர். அதற்காக இறைவனைப் புகழ்வோம். ஆனால் பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கரைத்துக் காயங் கொடுத்து, நொச்சியிலை அவித்த நீரிற் குளிப்பாட்டி, நாற்பது நாள் அவளை வேலையின்றி இருக்கவைத்த பராமரிப்பும் அதனோடு நீங்கியிருக்கத் தேவையில்லை. சரக்குக் கறியின் மிளகும் உள்ளியும் எவ்வளவு நோய் தீர்த்தனவோ, அந்த நாற்பது நாள் ஓய்வும் அவ்வளவு தீர்த்தது என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே, மூத்தம்மாமாரே, உங்கள் பேத்தி ஒருத்தியை அழைத்து, ஒரு புதிய கொப்பியை அவள் கையிற் கொடுங்கள். ஒரு மருந்துக்கு ஒரு பக்கம். செடியின் பெயரை உங்கள் ஊரில் வழங்கும்படி எழுதச் சொல்லுங்கள்; அதன் ஓர் இலையையும் பூவையும் காயவைத்து அப்பக்கத்திலேயே ஒட்டச் சொல்லுங்கள்; பெயர் மாறினாலும் இலை பொய் சொல்லாது. பிடி, சிட்டிகை, விரற்கடை என்று நீங்கள் சொல்வதை, சமையலறைத் தராசில் நிறுத்துக் கிராமிலும் எழுதட்டும். எவருக்குக் கூடாது, எத்தனை நாளுக்கு மேல் கூடாது, எதைக் கண்டால் நிறுத்தவேண்டும் என்ற மூன்றையும் சிவப்பு மையால் எழுதட்டும். நீங்கள் கொடுத்துப் பலிக்காமற் போனவற்றையும் மறைக்காமற் சொல்லுங்கள். பலித்தவற்றைவிட அவை வருங்காலத்தவர்க்குப் பயன்படும்.

அக்கொப்பிகளைப் பள்ளிவாசல் நிருவாகங்கள் பிரதியெடுத்துப் பாதுகாக்கட்டும். நிந்தவூரிலும் அட்டாளைச்சேனையிலும் உள்ள அரசாங்க ஆயுர்வேத வைத்தியசாலைகளின் வைத்தியர்களிடம் ஒரு பிரதியும், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சம்மாந்துறைப் பிரயோக விஞ்ஞான பீடத்துக்கு ஒரு பிரதியும் சென்றால், தாவரத்தை இனங்காணவும் அபாயமானவற்றை நீக்கவும் கற்றவர்கள் அங்கிருக்கிறார்கள். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் உங்கள் பெயரையும் உங்கள் உம்மாவின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஆண்கள் சென்றிருக்கும் அந்த ஒரு மணி நேரம் இவ்வேலைக்கு மிகவும் உகந்தது. முதற் பக்கத்தில் கொத்தமல்லிக் கஷாயத்தை எழுதித் தொடங்குங்கள்.



இவ்வண்ணம்,
உங்கள் கைமருந்து குடித்து வளர்ந்த பேரப்பிள்ளைகளில் ஒருவன்,
கல்முனை.